முத்தக் காட்சிக்கும் ஒரு மாஸ்டரா? நாடக ஒத்திகையில் 'இன்டிமசி டைரக்டர்' என்ன செய்கிறார்?

மேடை நாடகத்தில் ஒரு வாள் சண்டை இருக்கிறது என்றால், நடிகர்கள் இஷ்டத்துக்கு வாளைச் சுழற்ற முடியாது. யார் முதலில் அடி எடுத்து வைப்பது, வாள் எந்தப் பக்கம் வரும், எதிராளி எப்போது குனிய வேண்டும் என எல்லாவற்றையும் சண்டை இயக்குநர் வகுத்துக் கொடுப்பார். நம்ம ஊர் வழக்கில் சொன்னால் ஸ்டன்ட் மாஸ்டர். அமெரிக்காவில் மேடைச் சண்டை இயக்குநர்களுக்கென்று தனிச் சங்கமே 1977-ல் தொடங்கப்பட்டுவிட்டது.

அதே நாடகத்தில் ஒரு முத்தக் காட்சி வந்தால்? "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க, எப்படி வருதோ அப்படிப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு இயக்குநர் அடுத்த காட்சிக்குப் போய்விடுவார். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளின் பெரிய அரங்குகளிலும் நாடகப் பள்ளிகளிலும்கூட இதுதான் நீண்ட காலம் வழக்கமாக இருந்தது.

வாள் பட்டால் ரத்தம் வரும், எல்லோருக்கும் தெரியும். விரும்பாத தொடுகையால் வரும் காயம் வெளியே தெரியாது. இந்த இடைவெளியை நிரப்ப உருவான பொறுப்புதான் 'இன்டிமசி டைரக்டர்'. இவர் யார், ஒத்திகையில் என்ன செய்வார், ஏன் இவ்வளவு பேசப்படுகிறார்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த இன்டிமசி டைரக்டர்?

முத்தம், அணைப்பு, படுக்கையறைக் காட்சி, ஆடையில்லாத காட்சி, பாலியல் வன்முறையைச் சித்தரிக்கும் காட்சி. இப்படி நடிகரின் உடல் நேரடியாகச் சம்பந்தப்படும் காட்சிகளை நடிகர்களின் சம்மதத்தோடு அசைவு அசைவாக வடிவமைப்பவர்தான் இன்டிமசி டைரக்டர்.

மேடையில் இவரை 'இன்டிமசி டைரக்டர்' என்பார்கள். சினிமா, வெப் சீரிஸ் பக்கம் போனால் 'இன்டிமசி கோ-ஆர்டினேட்டர்' என்ற பெயர். இரண்டு வேலைக்கும் அடிப்படை ஒன்றுதான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு.

சினிமாவில் காட்சி ஓகே ஆகிவிட்டால் விஷயம் முடிந்தது. நாடகத்தில் அப்படி இல்லை. நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் ஒரு நாடகம் வழக்கமாக வாரத்துக்கு 8 முறை நடக்கும். அதே முத்தம், அதே அணைப்பு, மாதக்கணக்கில், தினமும் புதிய பார்வையாளர்கள் முன்னால். உடன் நடிப்பவரோடு சண்டை போட்ட நாளிலும், உடம்பு முடியாத நாளிலும் அதையே செய்தாக வேண்டும். 'எப்படி வருதோ அப்படி' என்பது இங்கே எடுபடாது.

இந்தத் துறை எப்படிப் பிறந்தது?

அமெரிக்காவைச் சேர்ந்த டோனியா சினா, வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தில் 2006-ல் முதுகலை ஆய்வுக்காக எடுத்துக்கொண்ட தலைப்பே இதுதான்: மேடையில் நெருக்கமான காட்சிகளை எப்படி அமைப்பது? சண்டைக்கு இருப்பதுபோல இதற்கும் ஒரு முறை இருக்க வேண்டும் என்பது அவரது வாதம்.

10 ஆண்டுகள் கழித்து, 2016-ல் டோனியா சினா, அலிசியா ரோடிஸ், ஷிவான் ரிச்சர்ட்சன் ஆகிய மூவரும் சேர்ந்து 'இன்டிமசி டைரக்டர்ஸ் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சூழல், பேச்சு, சம்மதம், அசைவு வகுத்தல், நிறைவு என 5 தூண்களை இந்த வேலைக்கு அடிப்படையாக முன்வைத்தார்கள்.

2017 அக்டோபரில் 'மீ டூ' அலை எழுந்தது. அதுவரை சிறு வட்டத்துக்குள் இருந்த இந்த யோசனை சட்டென்று எல்லோருக்கும் தேவையானதாக மாறியது. 2018-ல் ஹெச்பிஓ நிறுவனம் தன் தொடர்களின் நெருக்கமான காட்சிகள் அனைத்துக்கும் இன்டிமசி கோ-ஆர்டினேட்டர் இருப்பார் என்று அறிவித்தது. அங்கே அந்தப் பொறுப்பை முதலில் ஏற்றவர் அலிசியா ரோடிஸ்.

2019-ல் 'ஃபிராங்கி அண்ட் ஜானி இன் தி கிளேர் டி லூன்' நாடகம் மீண்டும் பிராட்வேயில் அரங்கேறியது. ஆட்ரா மெக்டொனால்ட், மைக்கேல் ஷானன் என இரண்டே நடிகர்கள். நாடகம் தொடங்குவதே படுக்கையறைக் காட்சியில்தான். இதற்கு இன்டிமசி டைரக்டராக இருந்தவர் கிளேர் வார்டன். பிராட்வேயில் இந்தப் பொறுப்பில் ஒருவர் பணியாற்றியது அதுவே முதல் முறை.

சிகாகோ சொன்ன பாடம்

இதெல்லாம் உண்மையில் தேவையா என்று கேட்பவர்களுக்கு, இத்துறையினர் அடிக்கடி சுட்டிக்காட்டும் ஓர் உதாரணம் சிகாகோ.

அந்த நகரத்தின் 'ப்ரொஃபைல்ஸ்' அரங்கம், கரடுமுரடான, யதார்த்தமான நாடகங்களுக்குப் பேர்போனது. 2010-ல் அது மேடையேற்றிய 'கில்லர் ஜோ' நாடகம் விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றது. மேடையில் நடந்த வன்முறை 'அப்படியே நிஜம் மாதிரி இருக்கிறது' என்று பார்வையாளர்கள் வியந்தார்கள்.

2016 ஜூனில் 'சிகாகோ ரீடர்' இதழ் நீண்ட புலனாய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டது. மேடையில் பார்த்ததில் ஒரு பகுதி நடிப்பே இல்லை, ஒத்திகையில் ஒப்புக்கொண்டதைத் தாண்டி நிஜமாகவே நடந்தது என்று அங்கே பணியாற்றிய பலர் அதில் குற்றம்சாட்டியிருந்தார்கள். கட்டுரை வெளியான சில நாட்களிலேயே அரங்கம் மூடப்பட்டது.

இத்தனை ஆண்டுகள் ஏன் யாரும் வாய் திறக்கவில்லை? சிறிய அரங்கம். வாய்ப்பு கிடைப்பதே கஷ்டம். புகார் சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் போவது? அரங்கத்தை நடத்துபவர்களிடமேதான். பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற நிலை.

இதற்கு விடை தேடி சிகாகோ நடிகர்கள் தொடங்கிய 'நாட் இன் அவர் ஹவுஸ்' என்ற இயக்கம், 2017 டிசம்பரில் 'சிகாகோ அரங்கத் தரநிலைகள்' என்ற ஆவணத்தை வெளியிட்டது. நெருக்கமான காட்சிகளை எப்படி ஒத்திகை பார்ப்பது, பிரச்னை வந்தால் முதலில் யாரிடம், அடுத்து யாரிடம் சொல்வது, சங்கப் பாதுகாப்பு இல்லாத நடிகர்கள் தங்களுக்குள் ஒரு பிரதிநிதியை எப்படி வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எந்தக் குழு வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

நடிகர் 'சரி'ன்னு சொன்னா போதாதா?

இந்தத் துறையின் மையமான கேள்வி இது.

ஓர் இளம் நடிகையிடம் இயக்குநர், 40 பேர் சுற்றி நிற்கும்போது கேட்கிறார்: "இந்த சீன்ல சட்டையைக் கழட்டணும், உனக்கு ஓகேதானே?" அவர் 'ஓகே சார்' என்று சொன்னால், அது சம்மதமா?

'முடியாது' என்றால் வேடம் போய்விடலாம். 'இவளோட வேலை பண்றது கஷ்டம்' என்ற பெயர் அடுத்த குழுவுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். நாடகப் பள்ளி மாணவர் என்றால் மதிப்பெண்ணும் அதே ஆசிரியர் கையில்தான். இப்படி 'இல்லை' சொல்ல வழியில்லாத இடத்தில் கிடைக்கும் 'சரி'க்கு அர்த்தம் குறைவு.

நடிப்புப் பயிற்சியிலேயே இதற்கு ஒரு வேர் இருக்கிறது. உடன் நடிப்பவர் எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொண்டு அதன்மேல் கட்டு என்றுதான் பல பயிற்சிகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். 'நல்ல நடிகன் எதுக்கும் தயாரா இருக்கணும்' என்ற எண்ணம் அங்கேயே ஊறிவிடுகிறது.

'முன்கூட்டியே சொன்னால் நிஜமான உணர்ச்சி வராது' என்ற வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சினிமாவில் ஒரு கசப்பான உதாரணம் உண்டு. 1972-ல் வெளியான 'லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்' படத்தின் பாலியல் வன்முறைக் காட்சியில் வெண்ணெய் பயன்படுத்தப்படும். படப்பிடிப்பின்போது 19 வயதாக இருந்த மரியா ஷ்னைடரிடம் அந்த விவரம் முன்கூட்டியே சொல்லப்படவில்லை. நடிகையாக அல்லாமல் ஒரு பெண்ணாக அவர் காட்டும் எதிர்வினை தனக்கு வேண்டியிருந்தது என்று இயக்குநர் பெர்டோலூச்சி பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். காட்சியில் நடந்தது பாவனைதான், ஆனால் தான் சிந்திய கண்ணீர் நிஜம் என்று 2007-ல் ஷ்னைடர் கூறினார். அந்தக் காட்சியின் நிழல் அவரது வாழ்க்கை முழுக்கத் தொடர்ந்தது.

இங்கே கதைப்படி அந்தக் காட்சி இருக்கலாமா கூடாதா என்பது கேள்வி இல்லை. கதையில் வரும் பாத்திரத்துக்கு என்ன நடக்கிறது என்பது வேறு, அதை நடிப்பவருக்கு என்ன நடக்கிறது என்பது வேறு. இரண்டாவதைத் தெரிந்துகொள்ளும் உரிமை நடிப்பவருக்கு உண்டு.

ஒத்திகையில் என்னென்ன நடக்கும்?

இன்டிமசி டைரக்டர் இருக்கும் ஒத்திகை எப்படிப் போகும்? ஆளுக்கு ஆள் முறை மாறும். ஆனால் பொதுவான படிகள் இவை:

முதல் படி, கேள்வி. 'இந்த முத்தம் கதைக்கு என்ன செய்கிறது?' என்று இயக்குநரிடம் கேட்பார். முதல் காதலா, பிரிவா, ஏமாற்றா? பதில் தெளிவானால் எவ்வளவு தொடுகை தேவை என்பதும் தெளிவாகிவிடும். சில நேரம் பாதி தேவையே இல்லை என்று இயக்குநருக்கே புரிந்துவிடும்.

இரண்டாவது, தனிப் பேச்சு. ஒவ்வொரு நடிகரிடமும் தனியாகப் பேசுவார். எது சரி, எது வேண்டாம் என்று சொன்னால் போதும். ஏன் வேண்டாம் என்று காரணம் கேட்கக் கூடாது. பழைய காயமா, மத நம்பிக்கையா, கூச்சமா என்பது அவர் சொந்த விஷயம்.

மூன்றாவது, எல்லை காட்டுதல். இரண்டு நடிகர்களும் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் தன் கையாலேயே தன் உடலில் எங்கெல்லாம் தொடலாம் என்று தடவிக் காட்டுவார். "தோள் ஓகே, முதுகு ஓகே, கழுத்து வேண்டாம்." எதிரில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துவார். பிறகு இடம் மாறும். நேற்று சரி என்ற இடம் இன்று வேண்டாம் என்றால், இன்றைய பதில்தான் செல்லும்.

நான்காவது, நிறுத்தும் சொல். செல்சி பேஸ், லாரா ரிக்கார்ட் ஆகியோர் 2017-ல் தொடங்கிய 'தியேட்ரிக்கல் இன்டிமசி எஜுகேஷன்' என்ற பயிற்சி அமைப்பு, 'பட்டன்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. ஒத்திகையில் யாருக்காவது ஒரு நொடி தேவை என்றால் 'பட்டன்' என்பார், எல்லோரும் நிறுத்துவார்கள். தண்ணீர் குடிக்கவோ, கேள்வி கேட்கவோகூட அதைச் சொல்லலாம் என்பதால், அதைச் சொன்னவுடன் 'என்னாச்சு, என்னாச்சு' என்று எல்லோரும் பதறுவதில்லை.

ஐந்தாவது, அசைவு வகுத்தல். 'இன்னும் ஆசையா கட்டிப்பிடி' என்பது போன்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. "இடது கை அவர் தோளுக்குப் போகட்டும். மூன்று எண்ணும்வரை பார்வை. ஒரு மூச்சு. அப்புறம் இடைவெளியைக் குறையுங்கள். உதடு சேர்ந்து இரண்டு எண்ணிக்கை." இப்படி எண்ணிக்கையும் திசையும் கொண்ட மொழிதான். தொடுகையின் அழுத்தத்தைக்கூட தோல் அளவு, தசை அளவு, எலும்பு அளவு எனப் பிரித்துச் சொல்பவர்கள் உண்டு. பரதம் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அபிநயத்தில் பொங்கும் காதலுக்கு அடியில் தாளக் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

தொடக்க நாட்களில் முத்தத்துக்குப் பதிலாக உள்ளங்கைகளைச் சேர்த்துத் தட்டிவிட்டு வசனத்தைத் தொடர்வதும் உண்டு. நிஜ முத்தம் தேவைப்படும் நாள் எது என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கும். தேவையில்லாதவர்கள் அந்த ஒத்திகையில் இருக்க மாட்டார்கள்.

ஆறாவது, நிறைவு. காட்சி முடிந்ததும் இருவரும் கை தட்டிக்கொள்வார்கள், அல்லது ஒரு பெருமூச்சு விட்டுத் தோளைக் குலுக்கிக்கொள்வார்கள். 'வேலை முடிஞ்சுது, நாம வெளிய வந்துட்டோம்' என்று உடலுக்குச் சொல்லும் சின்னச் சடங்கு.

அரங்கேற்றத்துக்குப் பிறகு?

முடிவான அசைவுகள் எழுதி வைக்கப்படும். அந்தக் குறிப்பு மேடை மேலாளரிடம் இருக்கும். காட்சி தொடங்கும் முன் சண்டை நடிகர்கள் மெதுவாக ஒருமுறை ஒத்திகை பார்ப்பதுபோல, நெருக்கமான காட்சிக்கும் சிறு ஒத்திகை நடக்கும்.

'இன்னிக்கு கூட்டம் நல்லா இருந்துச்சு, அதான் கொஞ்சம் சேர்த்துப் பண்ணிட்டேன்' என்ற பேச்சுக்கு இடமில்லை. மாற்றம் வேண்டுமென்றால் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். ஒரு நடிகருக்கு உடம்பு சரியில்லாமல் மாற்று நடிகர் வந்தால், எல்லை காட்டுதல் முதலிலிருந்து தொடங்கும். முன்னவர் கொடுத்த சம்மதம் இவருக்குப் பொருந்தாது.

இது பெண்களுக்கு மட்டுமான பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். ஆண் நடிகர்களுக்கும் எல்லைகள் உண்டு. தவிர, எங்கே கை வைக்கலாம் என்று தெளிவாகத் தெரிந்தால், 'நாம ஏதாவது தப்பா பண்ணிடுவோமோ' என்ற பயம் அவர்களுக்கும் போய்விடும்.

நடிப்பின் இயல்பு கெட்டுவிடாதா?

எதிர்ப்புக் குரல்களும் இருக்கின்றன. இப்படி எண்ணி எண்ணிச் செய்தால் தன்னியல்பு செத்துவிடும் என்று பிரிட்டிஷ் நடிகர் ஷான் பீன் 2022-ல் கூறியது பெரிய விவாதமானது. பல நடிகைகள் அவருக்கு மறுப்புத் தெரிவித்தார்கள்.

மறுபக்கம், 'ஐ மே டெஸ்ட்ராய் யூ' தொடருக்காக 2021-ல் பாஃப்டா விருது வாங்கிய மிக்கேலா கோயல், அதைத் தன் தொடரின் இன்டிமசி இயக்குநர் ஈட்டா ஓப்ரையனுக்குக் காணிக்கையாக்கினார். பாலியல் வன்முறையை நேருக்கு நேர் பேசிய தொடர் அது. பாதுகாப்பு இருந்ததால் இன்னும் துணிந்து செய்ய முடிந்தது என்பதே அவர் தரப்பு அனுபவம்.

நியாயமான விமர்சனங்களும் உண்டு. இந்தப் பணிக்கு அரசு உரிமம் எதுவும் கிடையாது. சில நாள் பட்டறைக்குப் போய்விட்டு வந்தவரும், ஆண்டுக்கணக்கில் பயின்றவரும் ஒரே பெயரைப் போட்டுக்கொள்ள முடியும். இவருக்குச் சம்பளம் தருவதும் தயாரிப்பாளர்தான் என்பதால், நெருக்கடி வரும்போது யார் பக்கம் நிற்பார் என்ற கேள்வியும் இருக்கிறது. பெயருக்கு ஒருவரை வைத்துவிட்டு 'எங்கள் அரங்கம் பாதுகாப்பானது' என்று விளம்பரம் செய்வதும் நடக்கலாம்.

இவர் மனநல மருத்துவர் கிடையாது, போலீஸும் கிடையாது. ஒத்திகைக்கு வெளியே நடக்கும் தொல்லையை இவரால் தடுக்க முடியாது. புகார் விசாரிக்கும் அமைப்புக்கு இவர் மாற்றும் ஆக மாட்டார்.

இந்தியாவில் என்ன நிலை?

இந்தியாவில் இந்தப் பணி பெரும்பாலும் திரைத்துறை, ஓடிடி பக்கம்தான் பேசப்படுகிறது. நாட்டின் முதல் சான்றிதழ் பெற்ற இன்டிமசி கோ-ஆர்டினேட்டர் என்று ஊடகங்களில் அறியப்படுபவர் ஆஸ்தா கன்னா. 2022-ல் வெளியான 'கெஹ்ராயியான்' இந்திப் படத்துக்கு இன்டிமசி இயக்குநராகப் பணியாற்றியவர் தார் காய்.

ஆனால் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடத்தில் உள் புகார் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவு என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவிடம் போகலாம்.

நாடகக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. 'இங்க யாருக்கும் சம்பளமே இல்ல, இது எப்படிப் பணியிடம் ஆகும்?' என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சட்டத்தில் 'ஊழியர்' என்ற சொல்லுக்குள் ஊதியம் இல்லாமல் தன்னார்வமாகப் பணிபுரிபவரும் பயிற்சியாளரும் அடக்கம். திரைப்படத் தயாரிப்புக் குழுக்களிலும் உள் புகார் குழு இருக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தீர்ப்பளித்தது.

தனியாக ஆள் வைக்க வசதி இல்லாத குழு என்ன செய்யலாம்?

பெரும்பாலான நாடகக் குழுக்கள் கைக்காசு போட்டு நடத்தப்படுபவை. இன்டிமசி டைரக்டருக்குப் பணம் தர முடியாது. ஆனாலும் காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன:

• நாடகத்தில் என்ன மாதிரியான தொடுகை, ஆடை, வன்முறை வரும் என்பதை நடிகர் தேர்வுக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். தெரிந்து வருபவரின் சம்மதம் வேறு, பாதி ஒத்திகையில் தெரிய வந்தவரின் சம்மதம் வேறு.

• 'ஓகேதானே?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. 'இதை எப்படிச் செய்தால் உங்களுக்குச் சரியாக வரும்?' என்று கேளுங்கள். கூட்டத்தின் நடுவில் கேட்க வேண்டாம்.

• முதல் நாளிலேயே ஒரு நிறுத்தும் சொல்லை முடிவு செய்யுங்கள். இயக்குநரே முதலில் அதைப் பயன்படுத்திக் காட்டினால் மற்றவர்களுக்கும் தயக்கம் போகும்.

• அசைவுகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். 'தனியா உக்காந்து ரெண்டு பேரும் பிராக்டிஸ் பண்ணிட்டு வாங்க' என்று அனுப்பாதீர்கள். நெருக்கமான காட்சியின் ஒத்திகையில் மூன்றாவது நபர் ஒருவர் எப்போதும் இருக்கட்டும்.

• பிரச்னை வந்தால் சொல்ல இரண்டு பேரின் பெயரை அறிவியுங்கள். அதில் ஒருவராவது இயக்குநர் அல்லாதவராக இருக்கட்டும்.

• ஒரு நடிகர் 'வேண்டாம்' என்றால், அந்தக் காட்சியை வேறு எப்படிச் சொல்லலாம் என்று யோசியுங்கள். விளக்கை அணைக்கலாம், முதுகு காட்டி நிற்கலாம், கை விரல்கள் கோப்பதோடு நிறுத்தலாம். மேடைக்கு அந்த வசதி எப்போதுமே உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான். ஒரு நடிகர் 'வேண்டாம்' என்று சொன்னால், 'வசனத்தைக் கொஞ்சம் மெதுவா சொல்லுங்க' என்று யாரோ கேட்டது போல அதை எடுத்துக்கொண்டு ஒத்திகை தொடர வேண்டும். அதைச் சொன்னதற்காக அவர் அடுத்த வேடத்தை இழக்கக் கூடாது. அப்படி ஒரு சூழல் இருக்கும் குழுவில்தான், நடிகர் சொல்லும் 'சரி'யை இயக்குநரும் நம்ப முடியும்.